கரைக்குள் கிடக்கும் சிவப்புக் கால்கள்

அவர் கதவைத் திறந்தார் என்று மேடை ஏறிய எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் அகலத் திறந்தார் என்றார், இன்னொருவர் உலகத்தையே உள்ளே அழைத்தார் என்றார், மூன்றாமவர் துருப்பிடித்த பூட்டை உடைத்தார் என்று மேசையைத் தட்டினார். எந்தக் கதவு என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கதவு ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் தையல் ஹாலில், கடைசி மிஷினையும் தாண்டி, பச்சை பெயின்ட் உரிந்து நிற்கும் கழிப்பறைக் கதவு. அதைத் திறக்க நாங்கள் என்ன பாடுபட்டோம் என்று அந்த மேடையில் இருந்த ஒருவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆம்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது அந்த நினைவுக் கூட்டம். பொருளாதாரம் படித்து, பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து, நிதி மந்திரியாகி, பிறகு பிரதமராகவும் ஆகி, சத்தமில்லாமல் வாழ்ந்து மறைந்த அந்த மனிதரின் படத்துக்கு ரோஜா மாலை. தோல் மண்டிக்காரர்களும் ஷூ முதலாளிகளும் முன் வரிசையில். எங்களைப் போன்ற பழைய தொழிலாளிகள் சிலருக்குச் சால்வை உண்டு என்று அழைத்திருந்ததால் நாங்கள் பின்வரிசையில். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. கொல்லைப் பக்கமிருந்து பிரியாணி தம் போட்ட வாசனை.

கடைசியாகப் பேச வந்தவர் எங்கள் கம்பெனி மேனேஜர் சம்பத் சார்.

"கதவத் தொறந்தாரு, வாஸ்தவம்," என்றார். "ஆனா ஒரே ஒரு தப்பு பண்ணிட்டாரு. பிரதமர் ஆனதும் நூறு நாள் வேலைன்னு ஒண்ணு கொண்டாந்தாரு. ஏரியில போய் உக்காந்துட்டு வந்தா கூலி. நம்ம ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டாரு. அன்னிக்கு ஆரம்பிச்ச ஆள் பஞ்சம், இன்னிக்கு வரைக்கும் பேஜாரு."

முன் வரிசை கைதட்டியது. பக்கத்தில் இருந்த ரேவதி என் முழங்கையை இடித்தாள். நான் உட்கார்ந்திருந்த மிஷினில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, இவுருதானே உங்க ஏரிக்கு வந்து நின்னவரு?"

"இவுருதான்."

"அப்ப இன்னாக்கா இப்டிப் பேசறாரு?"

ரேவதி கொஞ்ச நாளாகவே என்னை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் கழிப்பறை வாசலில் புதிதாக ஒரு கருவி மாட்டியிருக்கிறார்களாம். கழுத்தில் தொங்கும் அட்டையை அதில் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே போனதும் வந்ததும் மேனேஜர் ரூம் திரையில் தெரியும். ஜாஸ்தி நேரம் ஆனால் கூப்பிட்டுக் கேட்பார்களாம். "முன்னாடி இன்னா இருந்துச்சு, எப்டிப் போச்சுன்னு யாருக்கும் தெரியலக்கா. நீங்க எழுதுங்க, படிக்கிறோம்," என்றாள். எழுதுகிறேன் ரேவதி.

எனக்கு வயது ஐம்பதுக்கு இந்தப் பக்கம். ஓய்வு பெற்றவள் என்கிறார்கள். ஓய்வு கொடுக்கப்பட்டவள் என்பதுதான் சரி. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாமல் போன வருடம், "வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சம்பத் சார் மென்மையாகச் சொன்னார். அவர் எதையும் மென்மையாகத்தான் சொல்வார்.

அந்த மனிதர் நிதி மந்திரியாக இருந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பெண். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சுண்ணாம்பும் தோலும் ஆண்கள் கையில் இருந்தன. ஷூ கம்பெனிகளும் அங்கொன்று இங்கொன்றாக இருந்தன. அதற்குப் பிறகுதான் நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை தகரக் கூரையாக எழும்பி, விடிந்ததும் வேன்கள் ஊர் ஊராகப் புகுந்து பெண்களை அள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தன. பள்ளிகொண்டா பக்கத்து ஊரிலிருந்து அப்படி அள்ளி வரப்பட்டவள் நான். முதலில் நூலில்லாத ஊசியால் காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் ஓட்டச் சொன்னார்கள். பிறகு கழிவுத் தோல். பிறகு லைன். பயிற்சி என்றால் அவ்வளவுதான்.

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம். தோலில் முடியாது. ஊசி இறங்கிய இடத்தில் துளை துளைதான். நூலை உருவினாலும் அது கண் விழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறவள் மூச்சைக்கூட அளந்து விடுவாள். ஓரம் சீவுகிறவள், பசை தடவுகிறவள், மடித்துத் தட்டுகிறவள், தைக்கிறவள், நூல் நுனியைச் சுடரில் கருக்குகிறவள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்போம். நடுவில் பெல்ட் ஓடும். ஒருத்தி எழுந்தால் அவளுக்கு முன்னால் தட்டுகள் குவியும், பின்னால் இருப்பவள் கை சும்மா இருக்கும். அதனால் யாரும் எழக்கூடாது. எழுந்தே ஆகவேண்டும் என்றால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்.

கால்.

ஷூவை இழுத்து மாட்டி உருவம் கொடுப்பதற்குக் கால் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் அச்சு உண்டு. லாஸ்ட் என்பார்கள். ஓரம் உடைந்துபோன பழைய லாஸ்ட் ஒன்றை எடுத்துச் சிவப்பு பெயின்ட் அடித்து, லைனுக்கு ஒன்று என்று சூப்பர்வைசர் மேசைப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழற்றி, அவரிடம் காட்டி, கையில் பிடித்துக்கொண்டு ஹால் முழுக்க நடக்க வேண்டும். திரும்பி வந்து மாட்ட வேண்டும். அது ஆணியில் இல்லை என்றால் யாரோ போயிருக்கிறாள், அடுத்தவள் காத்திருக்க வேண்டும். லைன் முழுக்கப் பெண்கள், கால் ஒன்றே ஒன்று. காலை டீயில் நாங்கள் உதட்டை நனைத்துக்கொண்டு மீதியை ஊற்றிவிடுவோம். கோடையில் தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்புவோம். நீர்க்கடுப்பு வராத பெண் எங்கள் லைனில் இல்லை. அதை வியாதி என்று யாரும் சொல்லவில்லை. வேலையோடு வருவது என்று எடுத்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது.

சம்பத் சார் அப்போது எங்கள் ஹாலின் இன்சார்ஜ். ஒரு நாளும் கத்தியதில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பின்னால் வந்து நின்று, மிஷின் தலையில் டொக் டொக் என்று தட்டுவார். "இன்னாம்மா, தையல் கொஞ்சம் தள்ளிப் போவுதே" என்பார். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், 'அம்மா'க்கள் கூடும். "ஏம்மா, இப்பதானேம்மா போய்ட்டு வந்தீங்க, மறுபடியுமாம்மா?" என்று அவர் கேட்கும்போது பக்கத்து மிஷின்காரிகள் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம். கத்துகிறவனை வீட்டில் போய்த் திட்டலாம். இவரை எப்படித் திட்டுவது? உடம்பைத்தான் திட்டிக்கொள்வோம்.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆள் அனுப்புவார்கள். தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க. ஆடிட் என்பார்கள். அந்தக் காலையில் சிவப்புக் கால்கள் எல்லாம் ஒரு கோணிக்குள் போய், கோணி ஸ்டோர் ரூமுக்குள் போய், ஸ்டோர் ரூமுக்குப் பூட்டு விழும். குழாயில் தண்ணீர் வரும். சோப்பு வரும். நாங்கள் இஷ்டத்துக்கு எழுந்து போவோம். எங்கள் வேனில் வரும் கன்னியம்மா அக்கா, வாய்த் துடுக்குக்காரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள்: "வெள்ளக்காரன் வந்தாதாண்டி நமக்கு ஒண்ணுக்கே வருது."

வந்தவர்கள் தையலை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்கள். பஞ்சு மருந்து இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். சுவரில் சும்மா நின்ற ஆணிகளை யாரும் பார்க்கவில்லை. இத்தனை ஆணி எதற்கு என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கேட்டிருந்தால் போதும்.

அப்படி ஒரு நாளில்தான் நசீமாவுக்கு அது நடந்தது. அவள் பெயர் நசீமா இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுக்கா, பேர மட்டும் மாத்திடு" என்றாள். ஆம்பூர் டவுன்காரி. எனக்கு இடது பக்கத்து மிஷின். தைத்துக்கொண்டே உருதுவில் ஏதோ முனகிப் பாடுவாள்; கேட்டால், "உன் மூஞ்சப் பத்தித்தான் பாடறேன்" என்பாள்.

வெள்ளைக்காரர்களின் கார் மதியம் கேட்டைத் தாண்டியது. தாண்டியதும் சம்பத் சார் கையைத் தட்டி, "சரிம்மா, பழையபடி" என்றார். பழையபடி என்றால் கால் இல்லாமல் யாரும் போகக்கூடாது. ஆனால் கால்கள் ஸ்டோரில் இருந்தன. ஸ்டோர்காரர் சாவியோடு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடக் கூடவே போயிருந்தார்.

நசீமா எழுந்தாள். ஆணியைப் பார்த்தாள். சம்பத் சாரிடம் போனாள்.

"சார், போயிட்டு வர்றேன்."

"கால் எங்கம்மா?"

"ஸ்டோர்ல இருக்கு சார்."

"வரட்டும்மா. இப்ப உங்கள அனுப்புனா எல்லாரும் எந்திரிப்பாங்க. காலையிலேந்து லைன் எப்டி ஓடிச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"அவசரம் சார்."

"அஞ்சு நிமிஷத்துல வந்துரும்மா. போயி உக்காருங்கம்மா."

நாலு 'அம்மா' வந்துவிட்டது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஸ்டோர்காரர் வரவில்லை. அவள் தைத்தாள். முழங்கால்களை நெருக்கிக்கொண்டு தைத்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது. பிறகு மிஷினும் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் ஸ்டூலைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. அவள் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பசை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு கீழே குனிந்தேன். கன்னியம்மா அக்கா எதிர் வரிசையிலிருந்து வந்து, குடிக்கிற தண்ணிப் பாட்டிலை வேண்டுமென்றே தரையில் கவிழ்த்து, "ஐயோ, என் பாட்டில் சாஞ்சிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் அங்கே தேவைப்பட்டது.

மறுநாள் நசீமா வரவில்லை. வேலை முடியும் நேரத்தில் சம்பத் சாரிடம் கேட்டோம்.

"நான்தான் கொஞ்ச நாள் வீட்ல இருக்கச் சொன்னேன்ம்மா. லைன்ல அசிங்கம் ஆயிருச்சு இல்ல? அவங்களுக்கும் கூச்சமா இருக்கும். அவங்க நல்லதுக்குத்தாம்மா."

அன்று வேன் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. ஊர் எல்லையில் கன்னியம்மா அக்கா சொன்னாள்: "நாளைக்கு நான் ஏரிக்குப் போறேன்."

அந்த வாரம்தான் எங்கள் ஊர் ஏரியில் நூறு நாள் வேலை தொடங்கியிருந்தது. எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் அதற்கான அட்டை இருந்தது. அம்மாவோ மாமியாரோ போவார்கள், நாங்கள் போனதில்லை. கம்பெனியை விடக் கூலி கம்மிதான். ஆனால் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்! அப்படி ஒன்று எங்கள் வாழ்க்கையில் அதற்கு முன்பு எதற்கும் இருந்ததில்லை.

"நானும் வர்றேன்," என்றேன். வேனே வருகிறேன் என்றது.

வறண்ட ஏரி. மண்வெட்டி, கூடை, வெயில். வெட்டிய மண்ணைக் கரை மேல் கொட்டி உயர்த்த வேண்டும். உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை என்கிறார் சம்பத் சார். கூடையை ஒரு தடவை அவர் தலையில் ஏற்றிவிட்டிருக்கலாம். முதல் நாளே எங்கள் கைகள் கொப்பளித்தன. ஏரியில் கழிப்பறை கிடையாது; வேலிக்காத்தான் புதர்தான். அதற்காக அந்த அரசாங்கத்தைத் திட்ட வேண்டும், நான் திட்டியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் புதருக்குப் போக யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை. நான் அன்று வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தேன்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, கரை மேல் கம்பெனி வேன் வந்து நின்றது. பளபளக்கும் ஷூவோடு சம்பத் சார் இறங்கி, சரிவில் கால் வைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது? மண்ணு தூக்குற கையாம்மா இது, மிஷின் ஓட்டற கை," என்றார்.

"ரெண்டும் ஒரே கைதான் சார்," என்றாள் கன்னியம்மா அக்கா, கூடையை இறக்காமலே.

"ஷிப்மென்ட் நிக்குதும்மா. லைன் பூரா காலியா கெடக்கு."

"நசீமாவக் கூப்டீங்களா?"

"அது வேற விஷயம்மா."

"அதான் சார் விஷயம்."

"அவங்க டவுன்காரங்க. உங்க ஊரா, உறவா? அவங்களுக்காக நீங்க ஏம்மா வேலையக் கெடுத்துக்கிறீங்க?"

டவுனில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. கம்பெனியை விட்டால் நசீமாவுக்கு வேறு கம்பெனி. அங்கேயும் ஒரு ஆணி, அங்கேயும் ஒரு சிவப்புக் கால். அதை நினைத்துத்தான் நான் பேசினேன்.

"அவளுக்கு ஏரி இல்ல சார். அதனாலதான் அவளுக்கும் சேத்து நாங்க வந்திருக்கோம்."

அவர் போய்விட்டார். மறுநாள் மறுபடி வேன் வந்தது. முன் சீட்டில் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு நசீமா. சம்பத் சார் இறங்கி, "வந்துட்டாங்கம்மா. போலாமா?" என்றார்.

கன்னியம்மா அக்கா அசையவில்லை. "காலு?"

"எடுத்துட்டோம்மா."

"எடுத்துக் கோணில வெச்சிருக்கீங்களா சார்? ஆடிட்டுக்கு எடுக்கற மாதிரியா?"

யாரோ சிரித்தார்கள். சம்பத் சாரின் காது சிவந்தது. ஆனால் கப்பல் யாருக்காகவும் நிற்காது. துறைமுகத்துக்குப் பெட்டி போயாக வேண்டும். டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் போய்த் திரும்பியது. கோணியை அவரே கரையிலிருந்து உருட்டிவிட்டார். அது சரிவில் புரண்டு வந்து எங்கள் காலடியில் வாய் பிளந்தது. சிவப்புச் சிவப்பாகக் கால்கள். எங்கள் உள்ளங்கை வியர்வையில் பெயின்ட் போய், பிடிக்கும் இடம் மட்டும் வெளுத்திருந்தது.

நசீமா வேனிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு காலை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அன்று நாங்கள் மண் கொட்டிக்கொண்டிருந்த பள்ளத்தில் அதைப் போட்டாள். பிறகு எல்லாரும் போட்டோம். அதன் மேல் கூடை கூடையாக மண். கட்டையால் தட்டி இறுக்கினோம். பிளாஸ்டிக் மக்காது. எங்கள் ஏரிக்கரையின் வயிற்றுக்குள் அவை இன்றும் கிடக்கின்றன, எங்கேயும் நடந்துபோக முடியாமல்.

இப்போது சொல்லுங்கள், அந்த மனிதர் திறந்த கதவு எது?

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சரக்கு வெளியே போக வழி திறந்தார். அந்தச் சரக்கைத் தைக்கிறவள் எழுந்து வெளியே போக முடிகிறதா என்று அவருடைய ஆட்கள் வந்து பார்த்ததில்லை. பாலாறு நாறியதைப் பார்த்தார்களோ என்னவோ. டவுன்காரியை அந்த நல்ல சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். இதற்கெல்லாம் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் காலத்தில் வந்த இரண்டு காரியங்களில், முதலாளிக்கு லாபமானதை மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, எங்களுக்கு முதுகெலும்பாக நின்றதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல இவர்களுக்கு எங்கிருந்து வாய் வருகிறது? 'எனக்கு வேறு வேலை இருக்கிறது' என்று சொல்ல முடிந்த ஒரே வாரம் என் வாழ்க்கையில் அதுதான். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்துதான், பிறகு பல வருடம் அந்த ஆணிகள் காலியாக இருந்தன. ஆள் பஞ்சமாம். பஞ்சம் வந்தது ஆளுக்கு இல்லை சார், பயத்துக்கு.

மண்டபத்தில் சம்பத் சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டார். குரல் அதே மென்மை. "இப்ப நம்ம கம்பெனில எல்லாம் சிஸ்டம். எல்லாம் கார்டு. ஒரு நிமிஷம் வேஸ்ட் ஆவறதில்ல," என்றார். ரேவதி கழுத்து அட்டையை ஜாக்கெட்டுக்குள் தள்ளிக்கொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் பார்த்துவிட்டார். மைக்கிலேயே கேட்டார். "எங்கம்மா போறீங்க? சால்வை போடப் போறாங்க. உக்காருங்கம்மா."

"ஒண்ணுக்குப் போறேன் சார்," என்றேன்.

முன் வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ இருமினார்கள்.

"ரெண்டு நிமிஷம்மா. முடிச்சிட்டுப் போலாமேம்மா."

"அது வர்றப்பதான் சார் போணும்."

நடக்க ஆரம்பித்தேன். கை இரண்டும் சும்மா வீசிக்கொண்டு, ஹால் நீளத்துக்கும். பின்னால் இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது. "ரேவதி, நீ எங்கம்மா?" என்றது மைக். ரேவதியின் செருப்புச் சத்தம் நிற்கவில்லை. அப்புறம் இன்னொரு நாற்காலி. அப்புறம் இன்னொன்று.